நெடுவழிக்கு ஒரு துணை

தமிழகத்திற்கு வெளியே வாழும் நமக்கு ஊருக்குப் போவது வெறும் பிரயாணம் அன்று; ஆண்டிற்கு ஒரு முறை வரும் திருவிழா. மாதக்கணக்கில் முன்னதாகவே ரயிலில் இடம் பதிவு செய்துகொண்டு, ஊறுகாய்ச் சாடியும் தண்ணீர்க் கூஜாவுமாகப் புறப்பட்ட தலைமுறை நம்முடையது. இப்பொழுது நம்மவரில் சிலர் வேறு வகையில் புறப்படுகிறார்கள். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, குளிர்பதனப் பெட்டி ஆகிய யாவும் அமைந்த கேரவன் வண்டியில், வீட்டையே உடன் கொண்டு செல்கிறார்கள். 2021ஆம் ஆண்டில் மகாராஷ்டிர அரசும் கேரள அரசும் கேரவன் சுற்றுலாவுக்கென்றே கொள்கை வகுத்தன. வயது முதிர்ந்த பெற்றோருடன் பயணம் செய்வோருக்கு இது பெரிய சௌகரியம் என்பதில் ஐயமில்லை.

ஆயினும், வீட்டைச் சக்கரத்தின்மேல் வைத்தவுடன் ஒரு கவலையும் கூடவே ஏறிக்கொள்கிறது. வீட்டில் மின்சாரம் நின்றால் மெழுகுவத்தி ஏற்றிக்கொள்ளலாம். வண்டியில் பாட்டரி ஓய்ந்துவிட்டால் வீடும் இருண்டுவிடும், வழியும் நின்றுவிடும். அந்நிலையில் இஞ்சினைக் கிளப்பிவிடுவதற்கென்று கையில் எடுத்துச் செல்லத்தக்க சிறு கருவி ஒன்று உண்டு. கடைக்காரர்கள் அதை ‘ஜம்ப் ஸ்டார்ட்டர்’ என்பார்கள். அதை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே இன்று நாம் பேசப்போகும் செய்தி. கற்றுக்கொண்டு பேசுகிறோம் என்பதைக் காட்டிலும் பட்டுத் தெரிந்துகொண்டு பேசுகிறோம் என்பதே உண்மை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழியில், தந்தையாரின் திதிக்காகத் தில்லியிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குப் புறப்பட்டோம். வேன் ஒன்றைக் கேரவனாக மாற்றி அமைத்திருந்தோம். அன்னையார், நாங்கள் இருவர், இளைய சகோதரர் என நால்வர். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் எங்கள் வழி. ஆக்ரா, குவாலியர், ஜான்சி, சாகர் என்று ஒவ்வோர் ஊராகக் கடந்து, இரண்டாம் நாள் இரவு மத்தியப் பிரதேசத்தில் சிவனி என்னும் ஊருக்கு அருகே, ஒரு தாபாவின் முற்றத்தில் வண்டியை நிறுத்தி உறங்கினோம். திதிக்கு முன்பாக ஒரு நாள் கையிருப்பாக வைத்திருந்தோம். அந்த ஒரு நாளில் கரூருக்குச் சென்று பெரியம்மாவைப் பார்க்க வேண்டும் என்பது அன்னையாரின் ஆசை. அக்காளும் தங்கையும் முகம் பார்த்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

விடியற்காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஓர் ஓசை, அவ்வளவுதான். மறுபடியும் திருப்பினோம், மறுபடியும் அதே ஓசை. காரணம் பின்னர்தான் விளங்கிற்று. அன்னையாரின் இன்சுலின் மருந்துக்காகக் குளிர்பதனப் பெட்டி இரவு முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது. வண்டியை மாற்றி அமைத்தபோது கம்பி இணைத்தவர், அப்பெட்டியை வீட்டு உபயோகத்திற்குரிய பாட்டரியுடன் இணைக்காமல் இஞ்சின் பாட்டரியுடன் இணைத்துவிட்டார். பாட்டரியோ நான்கு ஆண்டு கண்டது. குளிர் வேறு. கொஞ்சம் கொஞ்சமாக இரவெல்லாம் வடிந்து, காலையில் அதனிடம் வலிமை இல்லாமற் போயிற்று.

எங்களிடம் ஜம்ப் ஸ்டார்ட்டர் இல்லாமலில்லை. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்த எண்ணைப் பார்த்து மயங்கி வாங்கிய கருவி ஒன்று இருந்தது. எட்டு மாதமாக அதை யாரும் தொடவில்லை. அதன் நான்கு விளக்குகளில் ஒன்று மட்டுமே எரிந்தது. இணைத்துப் பார்த்தோம். இஞ்சின் அரைச் சுற்றுச் சுற்றிற்று, பெருமூச்சு விட்டது போல நின்றது, கருவியும் அணைந்துவிட்டது.

பக்கத்தில் நின்ற லாரியின் ஓட்டுநர், பஞ்சாபைச் சேர்ந்தவர், எங்கள் தவிப்பைக் கண்டு வந்தார். அவருடைய லாரியிலிருந்து கம்பி இழுத்துத் தரும்படி கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே மறுத்தார். லாரியின் மின்னழுத்தம் 24 வோல்ட். எங்கள் வண்டியினுடையது 12 வோல்ட். இணைத்தால் உங்கள் வண்டியின் மின்கருவிகள் கருகிவிடும் என்று விளக்கினார். “மாதாஜி, கவலைப்படாதீர்கள்” என்று அன்னையாரிடம் சொல்லிவிட்டு, அடுத்த கிராமத்திலிருந்து 12 வோல்ட் ஜீப் ஒன்றை அழைத்துவரச் செய்தார். வண்டி கிளம்பும்போது உச்சிப்பொழுது ஆகிவிட்டது. நாகபுரியில் புதிய பாட்டரி வாங்கி, கம்பிகளைச் சரியாக மாற்றி இணைக்க எஞ்சிய பகலும் போயிற்று. திதியைக் குறித்த நாளில் நிறைவேற்றினோம். கரூர்ப் பயணம் கைவிடப்பட்டது. விடுமுறை முடிந்துவிட்டபடியால் திரும்பும்போதும் இயலவில்லை. அடுத்த ஆண்டு நாங்கள் சென்றபோது பெரியம்மா இல்லை.

இதை ஒரு கருவியின் குற்றம் என்று சொல்ல மாட்டோம். அறியாமல் வாங்கியதும், வாங்கியதைப் பேணாததும் எங்கள் குற்றம். அதனால்தான் சற்று விரிவாகவே பேச விரும்புகிறோம்.

முதலில், இஞ்சினைக் கிளப்புவதற்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று பார்ப்போம். சாவியைத் திருப்பியவுடன் ஸ்டார்ட்டர் மோட்டார், அசையாமல் கிடக்கும் இஞ்சினைச் சுழற்ற வேண்டும். பெட்ரோல் இஞ்சினில் தீப்பொறி உண்டு. டீசல் இஞ்சினில் பொறி இல்லை. காற்றைப் பல மடங்கு அழுத்துவதால் உண்டாகும் சூட்டிலேயே எண்ணெய் தீப்பற்றுகிறது. ஆகவே டீசல் இஞ்சினை மெதுவாகச் சுழற்றினால் பயனில்லை. விரைவாகச் சுழற்றினால்தான் அந்தச் சூடு பிறக்கும். கேரவனாக மாற்றப்படும் வேன்களில் பெரும்பாலானவை டீசல் வண்டிகளே. இரண்டரை லிட்டர் அளவுள்ள டீசல் இஞ்சின், கிளம்பும் கணத்தில் சில நூறு ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். 300 ஆம்பியர், 10 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் 3,000 வாட் ஆகிறது. அதாவது, நாற்பது மின்விசிறிகளை ஒரே சமயத்தில் ஓட்டும் சக்தி! ஆனால் இது மூன்று விநாடிக்கு மட்டுமே தேவை.

இங்கேதான் பெட்டியின் மேல் உள்ள எண் நம்மை ஏமாற்றுகிறது. ஏரியில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பது ஒன்று. மதகு எவ்வளவு அகலம் என்பது மற்றொன்று. ‘20,000 மில்லி ஆம்பியர் மணி’ என்று அச்சிட்டிருப்பது ஏரியின் கொள்ளளவு. அதுவும் 3.7 வோல்ட் கணக்கில் சொன்னது. பெருக்கிப் பார்த்தால் 74 வாட் மணி; 12 வோல்ட் கணக்கில் ஆறு ஆம்பியர் மணிக்குச் சற்றே கூடுதல். கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்ற அது மிக நல்ல அளவு. இஞ்சினைக் கிளப்ப நமக்கு வேண்டியதோ மதகின் அகலம். அதாவது, ஒரே மூச்சில் எத்தனை ஆம்பியர் வெளிவரும் என்பது.

அதிலும் இரண்டு எண்கள் உண்டு. ‘உச்ச ஆம்பியர்’ என்பது கண் இமைக்கும் நேரம் மட்டும் வரக்கூடியது. விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது இதைத்தான். இஞ்சின் சுழலும் சில விநாடிகளும் நிலைத்து வரக்கூடியது ‘ஸ்டார்ட்டிங் ஆம்பியர்’. நமக்குப் பயன்படுவது இது. உச்ச எண்ணை எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் அளந்து சொல்வதில்லை. ஆகையால் இரண்டு கருவிகளின் உச்ச எண்களை ஒப்பிட்டு முடிவு செய்வது சரியன்று. எத்தனை லிட்டர் டீசல் இஞ்சினுக்கு ஏற்றது என்று விவரக் குறிப்பில் தனியாகக் கூறியிருப்பார்கள். பெட்ரோலுக்குக் கூறிய அளவு வேறு. டீசலுக்குக் கூறிய அளவு அதனினும் குறைவு. உங்கள் இஞ்சின் இரண்டரை லிட்டராயின், நான்கு லிட்டர் டீசலுக்கு ஏற்றது என்று எழுதிய கருவியை வாங்குங்கள். குளிரும் பழமையும் அந்த மிச்சத்தை எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவதாகக் கவனிக்க வேண்டியது மின்னழுத்தம். சிறு வேன்களின் மேல் கட்டிய கேரவன்கள் 12 வோல்ட். பஸ் அல்லது லாரிச் சட்டத்தின் மேல் கட்டிய பெரிய கேரவன்கள் பெரும்பாலும் 24 வோல்ட். அவற்றில் இரண்டு பாட்டரிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து இணைத்திருப்பார்கள். 12 வோல்ட் கருவி அதற்கு உதவாது. கடைக்குப் போகுமுன் வண்டியின் கையேட்டைத் திறந்து பாருங்கள். சிவனியில் அந்தப் பஞ்சாபி நண்பர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது.

மூன்றாவது, கருவியின் வகை. ஈய அமிலப் பாட்டரி உள்ள பழைய வகைக் கருவிகள் கனமானவை; ஆனால் முரட்டு உழைப்பாளிகள். மாதம் ஒரு முறை சார்ஜ் ஏற்றாவிட்டால் அவை கெட்டுவிடும். லித்தியம் வகை இலேசானது, கைப்பெட்டிக்குள் அடங்கும். மூன்று மாதத்திற்கு ஒரு முறை சார்ஜ் பார்த்தால் போதுமானது. ஆனால் கடும் வெப்பம் அதற்கு ஆகாது. மே மாதத்து நாகபுரி வெயிலில் மூடி நிறுத்திய வண்டிக்குள் சூடு 60 பாகையைத் தாண்டிவிடும். அத்தகைய வண்டியில் லித்தியம் கருவியை விட்டுச் செல்வது கூடாது. மூன்றாம் வகை ‘சூப்பர் கெப்பாசிட்டர்’ எனப்படுவது. இது தன்னுள்ளே மின்சாரத்தைப் பல மாதம் சேமித்து வைப்பதில்லை. ஓய்ந்த பாட்டரியில் எஞ்சியிருக்கும் சிறிதளவு மின்சாரத்தைச் சில நிமிடங்களில் உறிஞ்சிச் சேர்த்து, அதை ஒரே வீச்சில் திருப்பித் தருகிறது. வெப்பத்தைத் தாங்கும், பல ஆண்டு உழைக்கும். ஆனால் பாட்டரி முற்றிலும் வெறுமையாகிவிட்டால் வேறு வழியில் அதற்குச் சார்ஜ் ஏற்ற வேண்டியிருக்கும். கைப்பேசிக்கும் அது உதவாது. கோடையிலும் வண்டியிலேயே கருவியை வைத்திருக்க நேரும் இல்லத்தார் இந்த வகையை எண்ணிப் பார்க்கலாம். வீட்டு அலமாரியில் வைத்துப் பயணத்தன்று மட்டும் எடுத்துச் செல்வோருக்கு லித்தியமே போதும்.

நான்காவது, கம்பியும் கவ்வியும். சில வேன்களில் பாட்டரி ஓட்டுநரின் இருக்கைக்கு அடியிலோ கால் மிதிக்கும் தளத்திற்குக் கீழோ ஒளிந்திருக்கும். கம்பி குட்டையாயின் எட்டாது. நூல் போன்ற மெல்லிய கம்பியாயின் சக்தி கம்பியிலேயே சூடாகி வீணாகும். கவ்வியின் பற்கள் அழுத்தமாகப் பிடிக்கின்றனவா என்று கடையிலேயே கையால் அழுத்திப் பாருங்கள்.

ஐந்தாவது, பாதுகாப்பு. முனைகளை மாற்றி இணைத்தால் மின்சாரத்தைத் தடுக்கும் ஏற்பாடும், கவ்விகள் ஒன்றோடொன்று உரசினால் பொறி பறக்காதபடி தடுக்கும் ஏற்பாடும் கருவியில் இருக்க வேண்டும். பாட்டரி மிகவும் ஓய்ந்துவிட்டால், அப்படியொரு பாட்டரி இணைந்திருப்பதையே சில கருவிகள் உணரமாட்டா. அதற்கென ‘பூஸ்ட்’ என்று ஒரு பொத்தான் வைத்திருப்பார்கள். அது அவசியமான வசதிதான். ஆனால் அதை அழுத்தினால் மேற்சொன்ன காப்புகள் பல விலகிவிடும். அப்போது நம் கண்ணே காப்பு. லித்தியம் மின்கலங்களுக்கு இந்தியத் தர அமைவனத்தின் கட்டாயப் பதிவு முறை உண்டு. கடைக்காரரிடம் அந்தக் குறியைக் கேட்டுப் பாருங்கள்.

விமானத்தில் ஊருக்குச் செல்லும் அன்பர்கள், தந்தைக்கு வாங்கிய லித்தியம் கருவியைப் பெட்டிச் சாமானில் போட்டுவிட வேண்டாம், அது அனுமதிக்கப்படுவதில்லை. 100 வாட் மணிக்கு மேற்படாததைக் கையுடன் கொண்டு செல்லும் வழக்கம் உண்டு. எனினும் விமான நிறுவனத்தை முன்னதாகவே விசாரித்துக்கொள்வது நல்லது.

கருவி நல்லதாக அமைந்தாலும் அதைக் கையாளும் முறை தெரிய வேண்டும். முதலில் வண்டியின் விளக்கு, விசிறி, குளிர்பதனப் பெட்டி யாவற்றையும் நிறுத்துங்கள். பாட்டரி வீங்கியோ வெடித்தோ ஒழுகியோ இருந்தால் தொடவே தொடாதீர்கள். கருவி அணைந்திருக்கும்போதே சிவப்புக் கவ்வியை நேர்முனையில் மாட்டுங்கள். கறுப்புக் கவ்வியைப் பாட்டரிக்குச் சற்று எட்ட, இஞ்சினின் வண்ணம் பூசாத இரும்புப் பகுதியில் மாட்டுங்கள். பாட்டரியிலிருந்து எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு கசிவதுண்டு. அதன் அருகே பொறி கூடாது என்பதே காரணம். உங்கள் வண்டியின் கையேட்டில் இதற்கென வேறு இடம் காட்டியிருந்தால் அவ்விடத்தையே கொள்ளுங்கள். பின்னர் கருவியை இயக்குங்கள். டீசல் வண்டியாயின் சாவியைப் பாதி திருப்பி, ‘குளோ பிளக்’ விளக்கு அணையும் வரை பொறுத்திருங்கள். அதன்பின் ஐந்து விநாடிக்கு மேற்படாமல் ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். கிளம்பாவிட்டால் ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்து மறுபடியும் முயலுங்கள். மூன்று முறை முயன்றும் பயனில்லையேல், குறை பாட்டரியில் மட்டும் இல்லை என்று அறியுங்கள். இஞ்சின் கிளம்பியதும் கருவியை அணைத்து, கறுப்பை முதலிலும் சிவப்பைப் பின்னரும் கழற்றுங்கள். பிறகு அரை மணி நேரமாவது நிறுத்தாமல் ஓட்டுங்கள். அன்று மாலையே பாட்டரியைச் சோதித்துவிடுங்கள். ஒரு முறை கிளம்பியதாலேயே அது நலம் பெற்றுவிட்டதாக எண்ண வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இக்கருவியின் உதவியே தேவைப்படாமல் பார்த்துக்கொள்வதுதான் அறிவுடைமை. நல்ல கேரவனில் இரண்டு பாட்டரிகள் உண்டு: இஞ்சினுக்கு ஒன்று, வீட்டு உபயோகத்திற்கு ஒன்று. ஓடும்போது இரண்டுக்கும் சார்ஜ் ஏறி, நின்றதும் இரண்டும் பிரிந்துவிடும்படி நடுவில் ஓர் இணைப்பான் இருக்க வேண்டும். அது உண்மையாகவே பிரிக்கிறதா என்று பார்ப்பது எளிது. முந்நூறு, நானூறு ரூபாய்க்கே கிடைக்கும் ஒரு மீட்டர் போதும். இரவு நிறுத்தியபின் வீட்டு விளக்குகளையும் குளிர்பதனப் பெட்டியையும் ஓடவிட்டு, காலையில் இஞ்சின் பாட்டரியை அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் முழுமை, 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12க்குக் கீழே சென்றால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது பாட்டரி முதுமையடைந்துவிட்டது. இஞ்சின் ஓடும்போது பதினான்கு வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஆல்டர்னேட்டரைக் கவனியுங்கள். வண்டியை மாற்றி அமைத்துத் தருவோரிடம் பணம் கொடுக்குமுன் இந்தச் சோதனையை ஒரு முறை செய்யச் சொல்லுங்கள். நாங்கள் அதைச் செய்திருந்தால் சிவனியில் நின்றிருக்க மாட்டோம்.

நேயர்களே, சொந்த ஊரில் வண்டி நின்றால் அடுத்த தெருவில் தெரிந்த மெக்கானிக் இருப்பார், மொழியும் நம்முடையது. நெடுவழியில் அப்படியன்று. அந்தப் பஞ்சாபி நண்பரைப் போன்ற நல்லவர்கள் எங்கும் இருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் வரும் வரை காத்திருக்க நம்முடன் வரும் முதியவர்களுக்கு நேரம் இருக்கிறதா என்பதே கேள்வி. எண்ணின் பெருமையைப் பார்த்து வாங்காமல், இஞ்சினின் தேவையைப் பார்த்து வாங்குங்கள். வாங்கியதைப் பேணுங்கள். வீட்டில் ஒருவருக்கு இருவராக அதைக் கையாளப் பழகிக்கொள்ளுங்கள்.

எங்கள் இல்லத்தில் இப்போதெல்லாம் பயணத்திற்கு முந்திய இரவு, இன்சுலின் பெட்டியை எடுத்து வைத்தாயிற்றா என்று நாங்கள் அன்னையாரைக் கேட்கிறோம். அவர் அதற்கு விடை சொல்லுமுன் எங்களைத் திருப்பிக் கேட்கிறார்: “அந்தப் பெட்டிக்குச் சார்ஜ் ஏற்றியாயிற்றா?”